பைக்கர் சுவரில் வாடகை வீடு: போகலாமா, வேண்டாமா?

கரூர்_குமரன்:
மனைவிக்கு இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவமனை ஊருக்கு நடுவில். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண். அங்கே ஹீட்டன் பகுதியில் பார்த்த வீடெல்லாம் கைக்கு எட்டவில்லை. பைக்கரில், அந்த நீளமான கலர் கலரான சுவர் மாதிரி நிற்கும் கட்டிடத்தில், இரண்டு பெட்ரூம் வீடு ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது. பேரைச் சொன்னதும் ஆபீஸில் ஒருவர், "அது கவுன்சில் எஸ்டேட் (நகராட்சி குறைந்த வாடகைக்குக் கட்டிய குடியிருப்பு), குடும்பத்தோடு போகாதே" என்றார். அங்கே இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஹீட்டன்_வாசி:
அவர் சொன்னது சரி. நான் பதினோரு வருடமாக ஷீல்ட்ஸ் ரோட்டுக்கு வடக்குப் பக்கம் இருக்கிறேன். ரோட்டைத் தாண்டினால் பைக்கர். பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கும், திறந்திருப்பதில் பந்தயக் கடை ஒன்று நிச்சயம் இருக்கும். பகல் பதினோரு மணிக்கே கையில் கேனோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். வாடகையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் குழந்தையின் சூழலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஆகஸ்டில் பக்கத்து ஊர்களான சண்டர்லாந்திலும் மிடில்ஸ்பரோவிலும் குடியேறிகளுக்கு எதிராக நடந்த கலவரம் மறந்துவிட்டதா? மிடில்ஸ்பரோவில் காரை மறித்து, உள்ளே இருப்பவர் வெள்ளையரா, இங்கிலீஷ்காரரா என்று கேட்டார்கள். காசில்லாத பேட்டைகளில்தான் இந்தத் தீ சீக்கிரம் பற்றுகிறது.

வடமராட்சியான்:
தம்பி குமரன், நான் பைக்கரில் 2003 முதல் இருக்கிறேன். விரும்பி வந்தவன் இல்லை. அகதி விண்ணப்பம் போட்டவர்களை லண்டனில் வைக்காமல் வடக்கே அனுப்பும் ஏற்பாடு 2000-இல் தொடங்கியது. அதில் அள்ளுப்பட்டு வந்தேன். பேப்பர் கிடைத்த பிறகு கவுன்சில் வீடு கிடைத்தது, அப்படியே தங்கிவிட்டேன்.

வந்த முதல் மாரிக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் கருவியை எப்படிப் போடுவது என்றுகூடத் தெரியாது. கோட்டுப் போட்டபடி படுத்தோம். பக்கத்து வீட்டு மனுசிதான் வந்து காட்டித் தந்தார். அவருடைய கணவர் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்தவர். இன்றைக்கும் என் மனைவியை "பெட்" என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பிள்ளைகளை "ராசாத்தி" என்பது போல ஒரு சொல்.

2024 ஆகஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். ஓம், பயமாகத்தான் இருந்தது. கடைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் கதவைத் தட்டியது எங்கள் மாடியில் இருக்கும் வெள்ளைக்காரர், கழுத்து முழுக்கப் பச்சை குத்தியவர். பால் வேண்டுமா, பாண் வேண்டுமா, வாங்கி வருகிறேன் என்றார். அதற்கு முன் அவரோடு நான் நாலு வார்த்தை கதைத்ததில்லை. அவர் முகத்தைப் பார்த்து நானும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஹீட்டன்_வாசி:
அண்ணே, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது குமரனுக்கு எப்படிப் பொருந்தும்? உங்களுடையது சமூக வாடகை வீடு, கவுன்சிலோ அறக்கட்டளையோ விடுவது. வாடகையை அரசு விதி கட்டுப்படுத்துகிறது, சும்மா எழுப்பிவிடவும் முடியாது. அவர் விசாவில் பொது நிதிக்கு, அதாவது அரசு உதவிகளுக்கு, உரிமை இல்லை என்று இருக்கும், கவுன்சில் பட்டியலில் பெயரே சேர்க்க முடியாது. அவர் பார்த்திருப்பது, கவுன்சில் வீட்டைக் குடியிருப்பவரே வாங்க உரிமை தந்த 1980 சட்டத்துக்குப் பிறகு, குடியிருந்தவர் யாரோ தள்ளுபடியில் வாங்கி, பிறகு கைமாறி, இப்போது ஒரு தனியாள் வாடகைக்கு விடும் வீடு. அதே படிக்கட்டு, அதே லிஃப்ட். எதிர் வீட்டுக்காரரை விட அதிக வாடகை, அவருக்கு இருக்கும் அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது. மலிவு என்று நினைத்துப் போகிறார், அந்த மலிவு அவருக்கானதே இல்லை.

வடமராட்சியான்:
இது நியாயமான கதை. ஒத்துக்கொள்கிறேன்.

கோவை_நித்யா:
ஒரு சந்தேகம். ஊரில் ஹவுசிங் போர்டு வீட்டில், லைன் வீட்டில் வளர்ந்தவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்? இங்கே வந்ததும் "கவுன்சில் எஸ்டேட்" என்றால் மூக்கைப் பிடிக்கிறோம். காஸ்ஃபோர்த் மாதிரி வசதியான பகுதியில் வீடு என்று ஊருக்குச் சொல்லத்தானே இவ்வளவு ஓட்டமும்?

ஹீட்டன்_வாசி:
அங்கே வளர்ந்தோம், சரி. நம் பிள்ளையை அங்கே வளர்ப்போமா என்பது வேறு கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள், அப்புறம் மூக்கைப் பற்றிப் பேசலாம்.

வரைபடக்கிறுக்கி:
நான் கட்டிடக்கலை படிக்கிறேன், பைக்கரை மூன்று முறை சுற்றிப் பார்த்தவள். பழைய விக்டோரியா காலத்துத் தெருக்களை இடித்துவிட்டு 1970-களில் எழுப்பிய பேட்டை அது. ரால்ஃப் எர்ஸ்கின் என்ற கட்டிடக்கலைஞர், இங்கிலாந்தில் பிறந்து ஸ்வீடனில் குடியேறியவர், அங்கேயே ஒரு பழைய சவ அடக்கக் கடையில் ஆபீஸ் போட்டார். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கருத்துச் சொல்லலாம். சுவர் மாதிரி நிற்கக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் வரவிருந்த விரைவுச்சாலையின் இரைச்சலைத் தடுக்கத்தான். அதனால் வடக்கு முகத்தில் சின்னச் சின்ன ஜன்னல், தெற்கு முகம் முழுக்க மர பால்கனியும் வெயிலும். சுவருக்கு உள்ளே தோட்டத்தோடு தாழ்வான வீடுகள்தான் அதிகம். மொத்தம் சுமார் 1,800 வீடுகள். 2007-இல் பாதுகாக்க வேண்டிய கட்டிடங்களின் அரசுப் பட்டியலில், இரண்டாம் தர நட்சத்திரம் (Grade II*) என்ற பிரிவில் சேர்த்தார்கள். முதலில் கவுன்சிலிடம் இருந்தது, 2012-இல் பைக்கருக்கென்றே அமைத்த ஓர் அறக்கட்டளைக்குப் போனது. 2021-இல் அது கார்பன் ஹோம்ஸ் என்ற வீட்டுவசதி அமைப்போடு சேர்ந்துவிட்டது.

பழைய பைக்கர் மக்களைச் சிதறவிடாமல் அங்கேயே குடிவைப்பதுதான் வாக்குறுதி. இடிக்க இடிக்கப் பெரும்பாலானவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள், திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு எர்ஸ்கின் மேல் இன்னும் கோபம் உண்டு, தப்பு முழுக்க அவருடையது இல்லை என்றாலும்.

ஹீட்டன்_வாசி:
பட்டியலில் இருக்கும் கட்டிடத்தில் அனுமதி இல்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது, மாற்றினால் கிரிமினல் குற்றம். பார்க்க அழகு. ஜனவரியில் அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

லீட்ஸ்_முத்து:
இரண்டு கட்சியும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால், கட்டிடத்தைப் பாருங்கள். லீட்ஸில் இதே மாதிரி கைமாறிய கவுன்சில் ஃபிளாட்டில் மூன்று வருடம் இருந்தேன். தெரு நல்ல தெரு. ஆனால் பெட்ரூம் மூலையில் கறுப்புப் பூசணம். வீட்டுக்காரரைக் கேட்டால், வெளிச்சுவர் கட்டிட உரிமையாளர் பொறுப்பு என்பார். அவர்களைக் கேட்டால், நீங்கள் எங்கள் வாடகைதாரர் இல்லை என்பார்கள். நடுவில் என் பையன் இருமிக்கொண்டே இருந்தான்.

ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை வீட்டுப் பூசணத்தால் இறந்தது. அந்தப் பெயரில் வந்த விதி 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், மற்றபடி கடுமையான ஈரம், பூசணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வடமராட்சி அண்ணனுக்கு அது உண்டு. தனியாரிடம் எடுக்கும் குமரனுக்கு அது இன்னும் வரவில்லை. சமூக வீட்டைத் தாழ்வாகப் பேசுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

வடமராட்சியான்:
முத்து சொன்னதோடு இன்னொன்று. எங்கள் பேட்டையில் வீட்டுக்குள் பாய்லர் இல்லை. ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். வசதிதான், ஆனால் விலை பிடிக்கவில்லை என்று வேறு கம்பனிக்கு மாற ஏலாது. மின்சாரம், எரிவாயுவுக்கு ஆஃப்ஜெம் என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பு போடும் விலை உச்சவரம்பும் இந்தச் சூட்டுக்குப் பொருந்தாது. போன மாரிக்கால பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கவுன்சில் வரி பயமில்லை. நியூகாசிலில் பாதிக்கும் மேலான வீடுகள் ஆகக் கீழான ஏ பிரிவுதான். மெட்ரோவில் ஏறினால் மேனர்ஸ் ஸ்டேஷன், அடுத்தது மான்யுமென்ட், அது ஊருக்கு நடு. இரவு ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு அதுவும் ஒரு கணக்கு.

கோவை_நித்யா:
நைட் ஷிஃப்ட் முடிந்து வருவது காலை எட்டு மணிக்கு, அண்ணா. லேட் ஷிஃப்ட்தான் பிரச்சினை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழியை ராத்திரி பத்து மணிக்கு அவர்களே ஒருமுறை நடந்து பார்க்கட்டும். நான் நர்ஸ், சொல்கிறேன்.

கரூர்_குமரன்:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை ராத்திரி மூவரும் போனோம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனோம். வழியில் ஒரு கும்பல் கத்திக்கொண்டிருந்தது, எங்களைப் பார்த்து இல்லை. மனைவிக்கு வழி பரவாயில்லை, லிஃப்ட்தான் பிடிக்கவில்லை, நாற்றம். பெண்ணுக்கு பால்கனியின் பச்சைக் கலர் பிடித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சூடாக்கும் பில் கேட்டேன். தேடி அனுப்புகிறேன் என்றார், நான்கு நாளாகிறது.

ஹீட்டன்_வாசி:
அனுப்ப மாட்டார். பில் இருக்கட்டும், பக்கத்துப் பள்ளியில் பெண்ணின் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கவுன்சிலுக்கு போன் போட்டீர்களா? நான் இன்னமும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வடமராட்சியான்:
பில் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம், தம்பி. உள்பக்கத்தில், சுவரில் இல்லை, தோட்டத்தோடு ஒரு வீடு அடுத்த மாதம் காலியாகுது என்று கேள்வி. அதுவும் தனியார் வாடகைதான். லிஃப்ட் இல்லை, ஏறவும் தேவையில்லை. ஞாயிறு விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.