சாவுக் காட்சி எழுதி மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

வேம்படியான்:
நாவலில் அப்பா சாகும் அத்தியாயம். பக்கம் பக்கமாக அழுகை. தெரிந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தேன். பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். செத்தவரின் தாடையைச் சேர்த்துக் கட்டும் நாடிக்கட்டுக்கு அம்மா துணி தேடுகிறாள். பீரோவில் இருப்பதெல்லாம் நல்ல துணி, கிழிக்க மனசு வரவில்லை. "இது போதும்யா" என்றார். படித்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அவர் அடித்த புலம்பல் என் அம்மா நிஜமாகவே அழுத சொற்கள். துணி தேடியதுதான் கற்பனை. அது இன்னும் உறுத்துகிறது.

ராத்திரி டியூட்டி:
நான் செவிலி, கதையும் எழுதுவேன். நம் கதைகளில் எல்லோரும் கடைசி வார்த்தையைப் பேசி முடித்துவிட்டுத்தான் தலையைச் சாய்க்கிறார்கள். வார்டில் நான் பார்த்தவரை கடைசி மணி நேரத்தில் பலருக்கு நினைவே இருக்காது. மூச்சு நிற்கும், அழ ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் கழித்து மறுபடி இழுக்கும். அப்படித் திரும்பியபோது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு முடித்திருந்த மகன் "இன்னும் இருக்காரா?" என்றார். குரலில் சலிப்பு. அடுத்த நொடியே உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். கதையில் வைத்தேன். மகனைக் கொஞ்சம் நல்லவனாக்கச் சொல்கிறார்கள். அவன் நல்லவன்தானே!

பழைய பைண்டு:
ராத்திரி டியூட்டி, வார்டு வேறு, கதை வேறு. பொன்னியின் செல்வனில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில்தான் உயிர் விடுகிறாள். மூச்சுக் கணக்குப் பார்த்தா அழுகிறோம்? 1954-ல் முடிந்த தொடர், என் அக்கா இன்றும் அந்தப் பக்கத்துக்குப் போகமாட்டாள்.

என் கதை சின்னது. ஒரு தாத்தாவைச் சாகடித்தேன். படித்த நண்பன் "தாத்தா எப்போ செத்தார்?" என்று கேட்டான்.

அதனால் சொல்கிறேன். முதல் தடவை அழுதுகொண்டே எழுதுங்கள், தப்பில்லை. அப்புறம் சில வாரம் தொடாதீர்கள். திரும்ப எடுக்கும்போது கண்ணீர், விம்மல், இதயம் வெடித்தது எல்லாவற்றையும் வெட்டுங்கள். வாசகருக்குப் பரிதாபம் வரவேண்டுமானால் எழுதுகிறவர் ஒட்டாமல் நிற்கவேண்டும் என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1892-லேயே லிதியா அவிலோவா என்ற எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார். ஒப்பாரியை விவரிக்காதீர்கள், ஒரு வரி பாட விடுங்கள். ஆட்களுக்கு வேலை கொடுங்கள்: ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இல்லை, கொள்ளி வைப்பது யார் என்று தகராறு, ஏதாவது. செத்தவர் முன் அத்தியாயங்களில் ஒரு வேலையாவது செய்திருக்கவேண்டும், அப்போதுதான் அது நின்றுபோனது தெரியும். முக்கியமாக, கடைசி அத்தியாயத்தில் யாரையும் சாகடிக்காதீர்கள்.

தாமிரபரணிக்காரி:
அண்ணே, மணிமேகலை செத்தது எந்த அத்தியாயத்திலாம்?

எங்கள் ஆச்சியை வைத்து ஒரு கதை எழுதினேன். கதையில் செத்துப்போகிறாள், நிஜத்தில் திண்ணையில் வெற்றிலை இடிக்கிறாள். அவளே படிக்கச் சொன்னாள். தயங்கித் தயங்கிப் படித்தேன். வாயில் பால் ஊற்றும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "ஏளா, எனக்குப் பால் ஊத்தும்போது உன் சித்தி எங்க போனா? அவள ஏன் எழுதல?" என்றாள். சித்திக்கும் ஆச்சிக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. சரி என்று சித்தியையும் உள்ளே கொண்டுவந்தேன். வந்த வேகத்தில் பால் டம்ளரை யார் பிடிப்பது என்று சண்டை தொடங்கிவிட்டாள். இப்போது ஆச்சி சாவதற்கு கதையில் இடமே இல்லை.