செல்டிக் முடிச்சு: பட்டை குறுக்கிடும் இடத்தில் மரம் பெயர்கிறது

கேள்வி (குன்னூர்): செல்டிக் முடிச்சு (நாடாப் போன்ற பட்டைகள் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் ஐரோப்பிய அலங்காரம்) செதுக்குகிறேன். சில்வர் ஓக் பலகை, 20 மி.மீ. கனம். பட்டை அகலம் 8 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஓரம் சில்லுச் சில்லாகப் போகிறது. உளி நன்றாகத் தீட்டியதுதான். என்ன செய்யலாம்?

பதில் (கொடைக்கானல்): பாதிக் குற்றம் மரத்தின் மேல். சில்வர் ஓக்கில் கதிர்கள் (மரத்தின் நடுவிலிருந்து வெளிப்புறம் ஓடும் கோடுகள்) அகலம்; ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்கே ஓடும் ஒல்லிப் பட்டை தாங்காது. 12 மி.மீ. ஆக்குங்கள். பேரி மரம் கிடைத்தால் விடாதீர்கள், ரேகை அவ்வளவு நெருக்கம். முதலில் மேல்பட்டையின் இரு ஓரத்திலும் கத்தியால் செங்குத்தாக 2 மி.மீ. கீறுங்கள். பிறகு கீழ்ப்பட்டையை 15 மி.மீ. முன்னாலிருந்தே சரித்து வந்து அந்தக் கீறலில் முடியுங்கள். திடீரென்று இறக்கினால் பட்டை நுழைந்து போவதுபோல் தெரியாது, அறுத்துப் போட்டதுபோல் இருக்கும். உளியை எப்போதும் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓட்டுங்கள். வெளிப்பக்கம் தள்ளினால் பெயரத்தான் செய்யும்.

பதில் (கோத்தகிரி): அதோடு, வரைந்த கையோடு ஒவ்வொரு சந்திப்பிலும் ‘மே’, ‘கீ’ என்று பென்சிலால் குறியுங்கள். மேல், கீழ் மாறி மாறி வரவேண்டும். ஒன்று பிசகினால் முழு முடிச்சும் பிசகு. சிக்குக் கோலம் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் வரைபடத்தை அவர்களிடம் காட்டுங்கள், உடனே கண்டுபிடிப்பார்கள்! சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோல் அரிப்பு தரும். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, முகக்கவசம்.

கேட்டவர்: பச்சைப் பேரிக் கட்டை இருக்கிறது. கணப்புப் பக்கத்தில் வைத்து உலர்த்தலாமா?

பதில் (கொடைக்கானல்): வேண்டாம், வெடித்துவிடும். பலகையாக அறுத்து, இரு முனையிலும் மெழுகு பூசி, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம். மலை ஈரத்தில் இன்னும் கூடும்.