செல்ஃப் க்ளீன் பட்டனை அழுத்தலாமா? வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கிறது

மாடிவீட்டு மல்லி:
வணக்கம். நியூ ஜெர்சியில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம், இந்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கரண்ட் ஓவன். முன்னால் இருந்தவர்கள் அதில் என்னத்தைச் சுட்டார்களோ, அடியில் எண்ணெய் கறுத்து ஒட்டிக் கிடக்கிறது, 400-க்கு வைத்தாலே புகை அலாரம் கத்துகிறது. பேனலில் செல்ஃப் க்ளீன் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் போதும், தானே சுத்தமாகிவிடும் என்கிறார் என் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ அதைத் தொடவே கூடாது என்கிறார். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங்குக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். ஓவன் க்ளீனர் ஸ்ப்ரேயும் வாங்கி வைத்திருக்கிறேன், அதை அடித்துவிட்டு பட்டனை அழுத்தலாமா? ஹாலில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருக்கிறது, அதுங்களுக்கு ஒன்றும் ஆகாதே?

பச்சைக்கிளி:
மற்றதெல்லாம் அப்புறம், முதலில் கூண்டை வீட்டை விட்டே வெளியே கொண்டு போங்கள். வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் போதாது, அபார்ட்மென்ட்டில் ஹீட்டர் காற்று எல்லா அறைக்கும்தானே போகிறது. பறவைகளின் மூச்சு அமைப்பே வேறு, காற்றில் இருக்கும் நச்சு நம்மைவிட வேகமாக அதன் ரத்தத்தில் ஏறிவிடும். நமக்கு லேசாகத் தொண்டை கரகரக்கிற புகைக்கே அது செத்து விழும். டெஃப்லான் பூச்சு சூடேறி வரும் ஆவி இன்னும் மோசம், அதற்கு வாசனைகூட இருக்காது. ஓவனுக்குக் கீழே இழுப்பறை இருக்கிறதா? நம் ஆட்கள் தோசைக்கல்லையும் நான்ஸ்டிக் சட்டியையும் அங்கேதான் அடுக்குவார்கள், அதைக் காலி செய்யுங்கள். பறவைகள் நண்பர் வீட்டில் இருக்கட்டும், வாடை முழுதாகப் போன பிறகு கூட்டி வாருங்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
அப்ளையன்ஸ் ரிப்பேர்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். அந்த பட்டனை அழுத்தினால் உள்ளே ஏறத்தாழ 900 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடேறும், மூன்று நான்கு மணி நேரம் ஓடும், எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து சாம்பலாகிவிடும், ஆறியதும் ஈரத்துணியால் துடைத்தால் சரி. மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஆபத்து பட்டனில் இல்லை, அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயில். இவ்வளவு பிசுக்கோடு ஓட்டினால் புகை மண்டும், உள்ளேயே தீப்பிடிக்கவும் பிடிக்கும். சுரண்டி எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஸ்ப்ரேயை அடிக்கவே அடிக்காதீர்கள். மிச்சம் இருக்கும் ரசாயனம் அந்தச் சூட்டில் கெட்ட ஆவியாகும், உள் எனாமலும் பாழ். கதவைச் சுற்றி ஓடும் கயிறு மாதிரி கேஸ்கெட்டைத் தேய்க்காதீர்கள், அது நைந்தால் சூடு வெளியே கசியும். கம்பித் தட்டுகள், அலுமினியம் ஃபாயில், பீட்சா கல் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆறும்வரை திறக்காது, பலவந்தமாக இழுக்காதீர்கள். உள்ளே தீ தெரிந்தால் கேன்சல் அழுத்திவிட்டு ப்ரேக்கரை அணையுங்கள், கதவு மூடியே இருந்தால் காற்றில்லாமல் அடங்கிவிடும், அடங்காவிட்டால் எல்லாரும் வெளியே போய் 911.

அப்புறம், விருந்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். ஓவர்ஹீட் ஆகாமல் காக்கும் தெர்மல் ஃப்யூஸ் போவதும் கதவு பூட்டு சிக்கிக்கொள்வதும் இந்தச் சூட்டில்தான். நவம்பர் கடைசி வாரத்தில் எங்களுக்கு வரும் போன்களில் இதுதான் அதிகம், அந்த நேரத்தில் பார்ட்ஸும் கிடைக்காது.

கார்த்திகை தீபம்:
ரொம்பப் பயமுறுத்துகிறீர்களே சார். நான் பல வருடமாக ஓட்டுகிறேன், ஜன்னலைத் திறந்து ஹூட் ஃபேனைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன், எதுவும் ஆனதில்லை.

ஸ்க்ரூடிரைவர்:
ஜன்னலும் ஃபேனும் சரி. கடைக்குப் போவதுதான் தப்பு. ஓடி முடியும்வரை ஒரு ஆள் வீட்டில் விழித்திருக்க வேண்டும், ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கத்தினால் பேட்டரி கோளாறு என்று கழற்றி வைக்காமல் வெளியே போங்கள்.

மாடிவீட்டு மல்லி:
எல்லாருக்கும் நன்றி. அப்போ வியாழனுக்குள் என்ன செய்ய? பேனலில் ஸ்டீம் க்ளீன் என்றும் ஒன்று இருக்கிறது.

பச்சைக்கிளி:
அது அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி குறைந்த சூட்டில் ஓட்டுவது, லேசான கறைக்குத்தான். உங்கள் கதைக்கு பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, கம்பிச்சுருளில் படாமல் பூசி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் வழித்தெடுங்கள். கை வலிக்கும், அத்தை இருக்கிறார்கள்தானே, பங்கு போட்டுக்கொள்ளுங்கள் :) தட்டுகளை வெந்நீரில் சோப்பு போட்டு ஊற வைத்தால் போதும்.

ஸ்க்ரூடிரைவர்:
வாடகை வீடு என்பதால் இன்னொன்று. செல்ஃப் க்ளீன் ஓட்டுவதற்கு முன் லீசிங் ஆபீஸுக்கு ஒரு ஈமெயில் போட்டு, இப்போது இருக்கிற நிலையை போட்டோவோடு அனுப்பிவிடுங்கள். ஃப்யூஸ் போனால் யார் செலவு என்ற பேச்சு வரும்.

மாடிவீட்டு மல்லி:
சரி, போட்டோ எடுத்தாச்சு. இப்போதைக்கு சோடாதான். பட்டனை விருந்து முடிந்து பார்த்துக்கொள்கிறேன், அன்றைக்குக் கூண்டு என் தோழி வீட்டுக்குப் போகும்.