பாதியில் நின்ற பிரமிடா 'தி லாஸ்ட் சிட்டி'?

மணல்வீடு எழுதியது:

பாத்திரமேற்றுப் பகடை உருட்டி மேசையில் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் அடிப்படை விதிகளுக்காக டாம் மோல்ட்வே எழுதி, 1982இல் டிஎஸ்ஆர் வெளியிட்ட பி4 மாட்யூலை, அதாவது 'தி லாஸ்ட் சிட்டி' என்ற ஆயத்தச் சாகச நூலை, சென்ற மாதம்தான் நடத்தி முடித்தேன். பழைய ஆட்டக்காரர்கள் அதைப் போற்றுவதைக் கேட்டுக் கேட்டுப் பெரும் எதிர்பார்ப்புடன் தொடங்கிய எனக்கு, முடிவில் மிஞ்சியது களைப்புதான். பாலைவனப் புயலில் வணிகக் கூட்டத்தைப் பிரிந்து, தண்ணீரும் தீர்ந்துபோன நிலையில், மணலுக்கு மேலே தலைநீட்டும் படிக்கட்டுப் பிரமிடு ஒன்றைப் பாத்திரங்கள் காண்கிறார்கள். தொடக்கம் அருமை என்பதை மறுக்கவில்லை. மேல் ஐந்து தளங்களும் அறை அறையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆறிலிருந்து பத்து வரையிலான தளங்களுக்கோ சுருக்கக் குறிப்புகள்தாம். அவற்றுக்கும் கீழே இருக்கும் நிலத்தடி நகரம், தலைப்பே நமக்கு வாக்களித்த அந்த நகரம், ஒரு வரைபடத்தோடும் மேலோட்டமான விவரிப்போடும் முடிந்துவிடுகிறது. பாதிக் கிணறு வரை தாண்ட வைத்துவிட்டு மீதியை நீயே பார்த்துக்கொள் என்பதற்கு வடிவமைப்பு என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

பகடைப்பித்தன் எழுதியது:

நண்பரே, அந்த நூல் எந்த விதிகளுக்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டு அதை எடைபோட முடியாது. மோல்ட்வேயே தொகுத்த 1981ஆம் ஆண்டின் அடிப்படை விதிகள் பாத்திரங்களின் வளர்ச்சிப்படிகளில் மூன்றாம் லெவலோடு நின்றுவிடுகின்றன. மேல் தளங்கள் அந்த மூன்று லெவல்களுக்கானவை. அங்கே வளர்ந்த பாத்திரங்கள் அடுத்த விதித்தொகுப்புக்கு நகரும்போது, அதுவரை பிறர் எழுதியதை நடத்திய டஞ்சன் மாஸ்டரும், அதாவது ஆட்டத்தை நடத்துபவரும், தானே எழுதத் தொடங்கட்டும் என்பதே கீழ்த்தளங்களின் நோக்கம். முதல் தளத்தில் கைபிடித்து நடத்தும் நூல், பத்தாம் தளத்தில் கையை விட்டுவிடுகிறது. இதைப் பிழை என்று சொன்னால், குழந்தையின் இடுப்பிலிருந்து கையை எடுக்கும் நீச்சல் ஆசிரியரையும் பிழை சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இந்த மாட்யூலின் உயிர் தளங்களில் இல்லை, பிரிவுகளில் இருக்கிறது. கோர்ம், உசாமிகராஸ், மதருவா என்ற பழைய தெய்வங்கள் மூன்று. அவர்களை வழிபடும் கூட்டங்களும் மூன்று. சினிடிசியாவை, அதாவது அந்தத் தொலைந்த நகரத்தை, பழைய நிலைக்குக் கொண்டுவரவே மூன்று கூட்டத்தாரும் விரும்புகிறார்கள், ஆனால் ஒருவரையொருவர் நம்புவதில்லை. அடித்தளத்தில் சார்கோன் என்ற ஒற்றைக்கொம்பு அரக்கனும் அவனுடைய பூசாரிகளும் இருக்கிறார்கள். யாரோடு சேர்வது என்ற ஒரு கேள்வியே பத்து அமர்வுகளுக்குப் போதும்.

கருங்கல் எழுதியது:

பிரிவுகளைப் பற்றி இருவருமே எண்களைக் கவனிக்காமல் பேசுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிப்படை விதிகளின்படி, எதிர்ப்படுபவரின் மனநிலையை இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி அறியலாம். 2 விழுந்தால்தான் உடனடித் தாக்குதல். அதற்கான வாய்ப்பு 36இல் 1. 3 முதல் 5 வரை பகைமை, 36இல் 9. 6 முதல் 8 வரை தயக்கம், 36இல் 16. மீதமுள்ள 10 வாய்ப்புகளில் எதிரே நிற்பவர் ஒதுங்கிப்போகவோ பேரம் பேசவோ நட்பாகவோ கூடும். ஆகவே, விதியை ஒழுங்காகப் பின்பற்றினால், பிரமிடுக்குள் நடக்கும் பெரும்பாலான சந்திப்புகள் பேச்சில்தான் தொடங்கும். தங்கத்துக்கும், பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளி கிடைக்கும் ஆட்டம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. மணல்வீடு அவர்களின் மேசையில் அந்தப் பகடையை உருட்டினார்களா என்பதே என் கேள்வி.

மணல்வீடு எழுதியது:

நேர்மையாகச் சொல்கிறேன், உருட்டவில்லை. நாங்கள் இந்த ஆட்டத்தின் பிற்கால ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு மாற்றித்தான் ஆடினோம். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் எங்களுக்குப் பகைவர்களே. நான்காவது அமர்வில் களைப்பு வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதனால் என் முதல் குற்றச்சாட்டு விழுந்துவிடாது. இந்த நகரத்துக்கு வெளியே பாலைவனம்தான் இருக்கிறது. கிடைத்த தங்கத்தைச் செலவிட ஊர் இல்லை. ஒரு பாத்திரம் இறந்தால் புதிய பாத்திரம் எங்கிருந்து வரும்? உயிர்ப்புள்ளி பூஜ்ஜியம் தொட்டால் மரணம், மந்திரவாதிக்கு அது நான்குமுகப் பகடை அளவே என்றிருக்கும் விதிகளில் இது சின்னச் சங்கடம் அன்று. இந்தக் கேள்வியை நூல் ஆட்டத்தை நடத்துபவரின் தலையில் கட்டிவிட்டது என்றே நான் சொல்வேன்.

பகடைப்பித்தன் எழுதியது:

இங்கேதான் நாம் நேர் எதிராக நிற்கிறோம். வெளியே ஊர் இல்லாததால்தான் பிரிவுகளுக்கு மதிப்பு வருகிறது. தண்ணீர், உணவு, காவலோடு உறங்க ஓர் அறை, காயத்துக்கு மருத்துவம் ஆகிய எல்லாவற்றையும் முகமூடி அணிந்த அந்நியர்களிடம் கேட்டுப் பெற வேண்டிய நிலை. எங்கள் குழுவில் இறந்த போர்வீரனுக்குப் பதிலாக வந்தவள் மதருவாவின் போர்ப்பெண்களில் ஒருத்தி. அன்றிலிருந்து மற்ற இரு பிரிவுகளும் எங்களைப் பார்த்த பார்வையே மாறியது. அந்த மாற்றத்தை எந்த நூலாசிரியரும் எனக்கு எழுதித் தந்திருக்க முடியாது.

ஏடுபுரட்டி எழுதியது:

தாமதமாக வருகிறேன். இதுவரை பேசப்படாத ஒன்று, அந்த மக்களின் மயக்கம். பிரமிடின் வேலையாட்கள் தோண்டும்போது சார்கோன் வெளிப்பட்டான். கொல்லப்போன காவலர்கள் மாண்டார்கள். பிறகு குற்றவாளிகளை அவனுக்கு இரையாக அனுப்பினார்கள். அச்சம் மெல்ல மெல்ல வழிபாடானது. உழைப்பு அடிமைகளின் தலையில் விழுந்தது. படையெடுத்து வந்தவர்களை எதிர்க்கத் திராணியின்றி மக்கள் மண்ணுக்கடியில் இறங்கினார்கள். இப்போது அவர்களில் பெரும்பாலோர் போதையில், விசித்திர முகமூடிகளோடு, தத்தம் கனவுகளில் உலவுகிறார்கள். அடிப்படை நிலை மாட்யூல் ஒன்றில் இவ்வளவு துயரமான வரலாறு இருப்பது அந்தக் காலத்துக்கு அபூர்வம். டேவிட் குக் 1981இல் எழுதிய 'ட்வெல்லர்ஸ் ஆஃப் தி ஃபர்பிட்டன் சிட்டி'யும் காட்டுக்குள் மறைந்த நகரம்தான். யுவான்-தி என்ற பாம்பு மனிதர்களை அறிமுகப்படுத்தியதும் அதுவே. ஆனால் அதைப் படித்து முடித்தபின் அந்த நகரத்துக்காக நான் வருந்தியதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. அலெக்சாந்தர் என்ற அரசன், பழைய சிரிய நகரமான பால்மைராவை ஆண்ட ஜெனோபியாவின் பெயரில் ஓர் அரசி, மெசபொட்டேமியச் சாயலில் ஒரு பிரமிடு என்று கண்ட இடத்திலிருந்தெல்லாம் அள்ளிக் கலந்த பழமை இது. கூர்ந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கிறது.

மணல்வீடு எழுதியது:

வரலாறு நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வரலாற்றின் உச்சமான சார்கோன்தான் சுருக்கக் குறிப்புகளின் பகுதியில் கிடக்கிறான். அவனை வெட்டிச் சாய்த்தாலும் கொம்பிலிருந்து மீண்டும் முளைப்பான். கொம்பை எரிமலைக் குழம்பில் எறிந்தால்தான் ஒழிவான். இத்தனை நல்ல முடிச்சைப் போட்ட மனிதர், அதை அவிழ்க்கும் காட்சிக்கு இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கலாம் அல்லவா? 2024இல் இந்த ஆட்டத்தின் இன்றைய வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் தொகுத்து வெளியிட்ட பழைய சாகசங்களுள் இதுவும் மறுவடிவம் பெற்றிருக்கிறது என்றால், மூலத்தில் நிரப்ப வேண்டியது இருந்தது என்றுதானே பொருள்?

கருங்கல் எழுதியது:

மறுவடிவம் வந்ததற்கு ஐந்தாம் பதிப்பு ஆட்டக்காரர்கள் காரணமாக இருக்கலாம். ஓட்டை இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. இரண்டு பக்கக் கோரிக்கையை மட்டும் நானும் ஆதரிக்கிறேன். நிலத்தடி நகரத்தை வெற்றிடமாக விட்டதில் எனக்குக் குறை இல்லை, சார்கோனின் அறையை விட்டதில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை முதல் தளத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். மணல்வீடு அவர்களுக்கு விருப்பமிருந்தால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மனநிலைப் பகடையை அவரே உருட்டலாம்.

மணல்வீடு எழுதியது:

வருகிறேன். உசாமிகராஸின் ஆட்களோடு மட்டும் சேர மாட்டேன் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.