மடற்சித்திரமா, மடலெழுத்தா?

க.: வணக்கம். அச்சோவியம் பற்றிய பாடநூலின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓவியர் தம் கல்லச்சையோ (கல்லில் வரைந்து தாளில் எடுக்கும் அச்சு) அமிலப் பொறிப்பையோ (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) நண்பருக்கு விளக்க, கடித வரிகளுக்கு நடுவே மையால் வரையும் சிறுபடத்துக்குச் சொல் வேண்டும். ‘கடித வரைவு’ என்று போட்டிருந்தேன். மாணவர்கள் அதை அனுப்புவதற்கு முன் எழுதிப் பார்த்த கடிதம் என்றே படிக்கிறார்கள்.

ந.: முதலில் பொருளை வரையறுப்போம். எழுதிய தாளிலேயே இருக்கும் படம் வேறு, தனித்தாளில் வரைந்து அனுப்பியது வேறு. ஓவியர் வான் கோ 1888 ஜூலையில் தம் ஓவிய நண்பர் எமில் பெர்னாருக்கு அனுப்பிய 15 படங்கள் இரண்டாம் வகை. நீங்கள் தேடும் சொல் அவற்றுக்குப் பொருந்தக் கூடாது. ஒரே தாள் என்றால் வரிகளைக் கவனியுங்கள். படத்தைச் சுற்றி வளைந்து ஓடினால் படம் முந்தியது, கோடு எழுத்தின்மேல் ஏறினால் எழுத்து முந்தியது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மையாக இருந்தால் கறுப்பு நாளடைவில் பழுப்பாகும். நெருக்கமாகக் கோடிட்ட நிழற்பகுதியில் மை கூடுதல் என்பதால் அமிலம் தாளை அரித்து வெடிக்கவைக்கும், பின்பக்க எழுத்திலும் ஊறித் தெரியும். அதனால் இரு பக்கத்தையும் பார்த்துத்தான் படக்குறிப்பு எழுத வேண்டும்.

தி.: மடற்சித்திரம். மடல் + சித்திரம், லகரம் றகரமாகும். மாதவி கோவலனுக்கு எழுதியது தாழை மடலில்தானே? இன்னொன்றும் உண்டு. மடலேறும் தலைவன் தலைவியின் உருவை எழுதிய கிழியைக் கையில் ஏந்தி வருவான். மடலும் ஓவியமும் அன்றே சேர்ந்துவிட்டன.

செ.: அந்த மடல், காதலுக்காகத் தலைவன் ஏறும் பனங்கருக்குக் குதிரை ஐயா, கடிதம் அன்று. கிழியும் துணி. அதுவும் போக, சித்திரம் வடசொல். தமிழில் ஓவியத்தையும் ‘எழுதுவது’தான் வழக்கு. எழுதுவதும் வரைவதும் ஒரே கை, ஒரே பேனா, ஒரே மை என்பதை ‘மடலெழுத்து’ ஒரே சொல்லில் சொல்லிவிடும்.

க.: அழகுதான். ஆனால் பதினேழு வயது மாணவர் அதைக் கையெழுத்து என்று நினைப்பார். கடிதத்துக்கான பழஞ்சொல் ‘முடங்கல்’ சேர்த்தால் இன்னும் தொலைவு.

ந.: எந்தப் பெயரானாலும் அச்சுக்கு இடவல மாற்றத்தைச் சொல்ல இன்னொரு அடை வேண்டும். வான் கோ 1882இல் ஹேக் நகரில் மாற்றுத்தாளில் வரைந்து கல்லுக்கு ஏற்றினார். தாளிலிருந்து கல்லுக்கு ஒருமுறை, கல்லிலிருந்து அச்சுக்கு ஒருமுறை என இருமுறை திரும்புவதால் படம் நேராக வந்தது. 1885 ஏப்ரலில் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ படத்தை நேரே கல்லில் வரைந்தார். அச்சு இடவலம் மாறிவிட்டது. ஆகவே கடிதப் படம் அச்சோடு ஒத்திருக்கிறதா, கல்லோடா என்று பார்க்காமல், ‘அச்சைப் பார்த்து வரைந்தது’ எனக் குறிப்பெழுதினால் காலவரிசையே புரண்டுவிடும். அச்சுக்கு முந்தியது முன்சித்திரம், பிந்தியது படிச்சித்திரம் என்று பிரிக்கலாம்.

தி.: ‘படி’ நகலையும் குறிக்கும், ஏணிப்படியையும் குறிக்கும். வழிச்சித்திரம்? வழிநூல் போல.

செ.: வழிநூல் முதனூலிலிருந்து வேறுபடலாம் என்பது நன்னூல் இலக்கணம். நினைவிலிருந்து வரைந்ததற்கும் அது பொருந்துவதால் ‘வழி’யை ஏற்கிறேன். சித்திரத்தை ஏற்கவில்லை.

க.: நேரமில்லை. தாளிலேயே இருப்பது மடற்சித்திரம், தனித்தாள் உடனிணைப்புப் படம், அச்சுக்குப் பிந்தியது வழிச்சித்திரம். முன்சித்திரம் ஓவியத்துக்கான முன்வரைவோடு குழம்பும் என்பதால் அதை மட்டும் ‘அச்சுக்கு முன் வரைந்தது’ என்று விரித்து எழுதுகிறேன். மூவர் சரி என்கிறார்கள்.

செ.: என் மறுப்பு இருக்கட்டும். சொல்லடைவில் ‘மடலெழுத்து’ என்பதையும் அடைப்புக்குள் போடுங்கள்.