பார்க்கிங்கில் வந்து நின்ற மான்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

வேளச்சேரிவாசி:
போன மாசம், விடியற்காலை அஞ்சரை இருக்கும். எங்கள் நாய் மணியை வாக்கிங் கூட்டிப்போக இறங்கினேன், லிஃப்ட் கதவு திறந்தால் பார்க்கிங்கில் ஒரு பெண் புள்ளிமான். கிண்டிப் பூங்கா சுவரை ஒட்டி இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை, அதனால் அதை விடுங்கள். மணி கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்துவிட்டான். கடிக்கவில்லை, சத்தியமாகக் கடிக்கவில்லை, குரைத்துக்கொண்டே துரத்தினான், அவ்வளவுதான். மான் ரெண்டு காருக்கு நடுவில் புகுந்து, சுவரில் மோதித் திரும்பி, டைல்ஸில் வழுக்கி விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தபோது குளம்பு டைல்ஸைக் கீறிய சத்தம் இருக்கிறதே, இன்னமும் ராத்திரியில் கேட்கிறது.

வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து, "அமுக்கிப் பிடிங்க சார், ரோட்டுக்கு ஓடினா லாரில அடிபட்டுடும்" என்றார். நானும் முட்டி போட்டுக் கழுத்தை அமுக்கிப் பிடித்தேன். யாரோ பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் என் கைக்குக் கீழே அதன் நெஞ்சு மிக்ஸி ஓடுகிற மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது. வனத்துறை ஆட்கள் வந்து தூக்கிப்போனார்கள். சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டால் செத்துப்போச்சு என்கிறார்கள். அடிபடாத மான் எப்படி சார் சாகும்?

ஹாஸ்டல் 90:
நான் ஐஐடி வளாகத்தில் அஞ்சு வருஷம் இருந்தவன். அங்கே மான் என்பது நம் தெருவில் மாடு மாதிரி, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஒரு நாள் காலையில் கொடியில் காயப்போட்டிருந்த என் நீலக் கட்டம் போட்ட லுங்கியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஒரு ஆண் மான் மெஸ் பக்கமாக நடந்து போனது. கல்யாண மாப்பிள்ளை தோற்றான். மூணு நாள் அதோடே திரிந்தது. சிரித்தேன் என்பது உண்மை, ஆனால் மூணாம் நாள் லுங்கி கண்ணை மூடிவிட்டது, அது மரத்தில் போய் முட்டியதைப் பார்த்தேன். அப்புறம் அதைப் பார்க்கவில்லை. லுங்கி அறுந்து விழுந்ததா, மான் விழுந்ததா தெரியாது.

கேகேநகர் அக்கா:
முதல் ஆளுக்குத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கயிற்றை உருவிக்கொண்டது என்கிறீர்களே, உருவுகிற அளவுக்கு ஏன் தளர்த்திக் கட்டினீர்கள்? "கடிக்கவில்லை, துரத்தினான், அவ்வளவுதான்" என்று எல்லா நாய்க்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எங்கள் பாப்பாவைத் தெருநாய் துரத்தியபோதும் நாலு பேர் இதையே சொன்னார்கள், அவள் விழுந்து முன்பல் போயிற்று. காட்டை நாம்தான் ஆக்கிரமித்தோம் என்று அடுத்து யாராவது ஆரம்பிப்பார்கள், அதையும் கேட்டாயிற்று. 1978 முதல் கிண்டி தேசியப் பூங்கா, மூணு சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது, சுற்றி முழுக்க வீடு. இது தெரிந்துதானே அங்கே வீடு வாங்குகிறோம்? அப்புறம் கேட்டை ராத்திரி மூடினால் என்ன?

திருமலைப் பெடியன்:
அக்கா கேட்டை மூடச் சொல்லுறா. எங்கட திருகோணமலையில் எந்தக் கேட்டை மூடுறது? பிரெட்ரிக் கோட்டைக்குள்ள மட்டுமில்லை, டவுனுக்குள்ளயும் மான்தான். கோணேஸ்வரத்துக்குப் போற வழியில் ஆக்கள் பழம் தீத்துவினம், பிள்ளையள் போட்டோ எடுப்பினம், வடிவுதான். எனக்கு மறக்க ஏலாதது வேற. அம்மம்மா வீட்டுப் பின்பக்கம் குப்பைக்குள்ள எங்கட பூனையும் ஒரு மானும் ஒண்டாத் தலையை விட்டுக்கொண்டு நிண்டதுகள். பூனை மீன் முள்ளு தேடுது. மான் சோத்துப் பார்சல் சுத்தின லஞ்ச் சீட்டை விழுங்குது. பாதி உள்ளுக்க, பாதி வெளியில. நான் பிடிச்சு இழுத்தன், வழுவழுவெண்டு ஒரு முழம் வந்தது, மிச்சம் அறுந்து உள்ளுக்கே போயிற்றுது. மான் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
நான் முழுக்க மாடும் ஆடும் பார்த்தவன், மான் ரெண்டு மூணு தடவைதான் வந்தது. ஒன்று என் கையிலேயே போய்விட்டது, காலில் கயிறு சிக்கிய குட்டி, கயிற்றை அறுத்து முடித்தபோது உயிர் இல்லை. வேளச்சேரிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். மானுக்குப் பயமே கொல்லும். துரத்தி ஓடி, அதோடு பிடித்து அமுக்கினால் தசையெல்லாம் உள்ளுக்குள் சிதைய ஆரம்பிக்கும், உடம்புச் சூடு ஏறும், சிறுநீரகம் கெடும். சில மணி நேரத்திலும் போகும், ரெண்டு மூணு நாள் கழித்தும் போகும். வெளியே காயம் தேடினால் கிடைக்காது.

இனிமேல் யார் வீட்டுக்கு மான் வந்தாலும் முதலில் நாயை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துங்கள். கூட்டம் சேர விடாதீர்கள், மொபைலைத் தூக்கிக்கொண்டு கிட்டே போகாதீர்கள். அது வந்த வழியைத் திறந்துவிட்டு எல்லோரும் ஒதுங்கினால் பெரும்பாலும் தானே போய்விடும். போக முடியாமல் விழுந்து கிடந்தால் கண்ணை மட்டும் ஒரு துணியால் மெதுவாக மூடுங்கள், கொஞ்சம் அடங்கும், வனத்துறைக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். படுத்துக் கிடக்கிற எந்தப் பிராணிக்கும் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நேரே நுரையீரலுக்குப் போகும், கன்றுக்குட்டிக்கே இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. இன்னொன்று, புதரில் தனியாகக் குட்டி படுத்திருந்தால் அநாதை என்று தூக்கிவராதீர்கள். தாய்தான் படுக்கவைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும்.

எடிசன் அப்பா:
டாக்டர் சொன்ன குட்டி விஷயம் நூற்றுக்கு நூறு. நியூஜெர்சியில் எங்கள் வீட்டுப் பின்புறம், ஜூன் மாசம். எங்கள் பொம்மை சைஸ் நாய், பெயர் லட்டு, செடி ஓரம் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு பெண் மான் வந்து முன்னங்காலால் ஓங்கி மிதிக்கிறது. ஏதோ துணி துவைக்கிற மாதிரி. வீட்டுக்காரி சமையலறை ஜன்னலிலிருந்து "ஏங்க, லட்டு, லட்டு" என்று கத்துகிறாள். நான் தோசைக் கரண்டியோடு ஓடினேன், மான் என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். செடிக்கு அடியில் குட்டி இருந்திருக்கிறது. லட்டு பிழைத்துக்கொண்டது, விலா எலும்பு ரெண்டு போயிற்று. மானே சாது என்று கேகேநகர் அக்கா மாதிரி எழுதுகிறவர்கள் இங்கே ஒரு வசந்தகாலம் இருந்து பார்க்கட்டும். உண்ணிக் காய்ச்சல் கதை வேறு இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

கேகேநகர் அக்கா:
சாது என்று நான் எங்கே எழுதினேன்? கயிற்றைப் பற்றித்தான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வேளச்சேரிவாசி:
பழைய கழுத்துப்பட்டை அக்கா, ஒரு ஓட்டை தளர்வாகத்தான் இருந்தது. டாக்டர் சார், நன்றி. பாட்டிலைக் கொண்டுவந்தது வாட்ச்மேன் அண்ணன். ஊற்றியது நான். மேலே 'யாரோ' என்று எழுதியிருந்தேன்.