சோக்-ஸ்டெயின் உத்திக்குத் தமிழில்: ‘ஊறுவண்ணம்’

நண்பர்களுக்கு வணக்கம். நீர்க்கக் கரைத்த வண்ணத்தை வெறும் துணியில் ஊற்றி ஊறவிடும் ஓவிய உத்தி சோக்-ஸ்டெயின் (soak-stain). இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுப் பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘கறை ஓவியம்’ என்றே வைத்துவிடலாம். மூலச் சொல்லுக்கு நேரானது, சுருக்கமும்கூட.

சுருக்கம்தான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. தமிழில் கறை என்றால் படியக்கூடாத இடத்தில் படிந்தது. கண்காட்சியில் ஓவியத்தின் பக்கத்தில் அந்தச் சொல்லை ஒட்டினால், பார்க்க வருபவர் குறையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இந்த உத்தியில் நடப்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952 கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மலையையும் கடலையும் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். அக்டோபரில், நியூயார்க் திரும்பியபின், ‘மலைகளும் கடலும்’ என்ற பெரிய ஓவியத்தைத் தீட்டினார். அப்போது வயது 23. ஏறத்தாழ 3 மீட்டர் அகலக் கேன்வாஸ். பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்காத வெறும் துணி. இன்னொரு அமெரிக்க ஓவியரான ஜாக்சன் பொல்லாக்கைப் போல அதைத் தரையில் விரித்துக்கொண்டார். பொல்லாக்கின் வண்ணம் துணியின் மேல் கோடுகோடாகத் தடித்து நின்றது. இவரோ எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஊற்றினார். அது நூலுக்குள் இறங்கிப் பரவியது. வண்ணம் வேறு, துணி வேறு என்று பிரிக்க முடியாமல் போனதுதான் இதில் புதுமை. நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும் கடற்கரையை நினைவூட்டுகின்றன; ஆனால் எது மலை, எது அலை என்று கை வைத்துக் காட்ட முடியாது. நிலக்காட்சியும், உருவம் காட்டாமல் வண்ணத்தாலும் கோட்டாலும் உணர்வைச் சொல்லும் அரூப வெளிப்பாட்டியமும் ஒரே துணியில் கலந்த இடம் அது.

‘சாயத்தோய்வு’ என்ற பரிந்துரையும் வந்தது. தோய்ப்பது என்றால் துணியைச் சாயத்துக்குள் முக்கி எடுப்பது. இங்கே துணி அசையவில்லை, சாயம்தான் துணியைத் தேடிப் போகிறது. மட்டமான தாளில் எழுதும்போது “மை ஊறுது” என்கிறோமே, நடப்பது அதேதான். ஆகவே உத்திக்கு ‘ஊறுவண்ண முறை’, ஓவியத்துக்கு ‘ஊறுவண்ண ஓவியம்’ என்பது என் பரிந்துரை.

ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: ஊறிய, ஊறுகிற, ஊறும் வண்ணம். காலம் காட்டாத இந்த அமைப்பு இங்கே மிகப் பொருத்தம். ஊற்றிவிட்டுக் கையை எடுத்தபிறகும் வண்ணம் பரவிக்கொண்டிருக்கும்; எண்ணெய் தனியாகக் கசிந்து ஓரங்களில் வளையம் கட்டும். பூச்சில்லாத துணியை எண்ணெய் நாளடைவில் அரிக்கவும் செய்யும். 1960களில் ஃபிராங்கென்தாலர் அக்ரிலிக்குக்கு மாறினார்.

> ஊறல் என்றால் செய்தித்தாளில் சாராய ஊறல்தானே?

நியாயமான கேள்வி. அதனால்தான் ‘ஊறல்’ என்று தனியாக விடாமல் வண்ணத்தோடு சேர்த்தேன். ‘ஊறு’ என்றால் கேடு என்றும் பொருள் உண்டே என்று அடுத்து யாராவது கேட்கலாம். தொடு உணர்வு என்றும் பொருள் உண்டு. “சுவைஒளி ஊறுஓசை நாற்றமென்று” குறளிலேயே இருக்கிறது. ஊறுகாயைக் கண்டு யாரும் கேடு என்று அஞ்சுவதில்லை, இதற்கும் அஞ்ச மாட்டார்கள்.

1953இல் மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் என்ற இரு அமெரிக்க ஓவியர்களும் ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தை நேரில் பார்த்துவிட்டு அதே வழியில் போனார்கள். அவர்களைச் சேர்க்கும் கலர் ஃபீல்டு (color field, பெரிய வண்ணப் பரப்புகளே ஓவியமாகும்) வகைக்கு ‘வண்ணப்புலம்’ போதும், அதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் சின்னாளப்பட்டி சுங்குடிச் சாயப்பட்டறைக்காரர்களோடு பழக்கமுள்ளவர்கள் குழுவில் இருந்தால், முடிச்சைத் தாண்டிச் சாயம் பரவிவிட்டால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அங்கே ஏற்கனவே ஒரு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்வோம், என் சொல்லை விட்டுவிடலாம்.